அம்பாத்துரையில் ஒரு நிமிடம் இறங்குங்கள்

திண்டுக்கல்லில் வண்டி ஏறி மதுரைப் பக்கம் போனால் முதலில் வரும் ஸ்டேஷன் அம்பாத்துரை. எக்ஸ்பிரஸ் ரயில்கள் இதைச் சட்டை செய்யாமல் பறந்துவிடும். ஒரு பக்கம் சிறுமலை. இன்னொரு பக்கம் தூரத்தில் கொடைக்கானல் மலை. நடுவே வானம் பார்த்த பூமி. பக்கத்தில் சின்னாளப்பட்டி. சுங்குடிச் சேலை என்றதும் உங்கள் வீட்டில் சட்டென்று ஞாபகம் வைத்துச் சொல்வார்களே, அந்தச் சின்னாளப்பட்டிதான். அதை ஒட்டித்தான் காந்திகிராமம்.

இந்த வாரம் உங்களை அங்கேதான் அழைத்துப் போகிறேன். ஆனால் நேர் ரூட்டில் இல்லை. பெர்லின், பாரிஸ், பம்பாய், மெட்ராஸ் என்று கொஞ்சம் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொந்தக் கதை. பி.காம். முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை, எங்கள் பக்கத்து தொண்டு நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுவது. வெளிநாட்டுப் பணம் வாங்குகிற நிறுவனம். அந்தப் பணத்துக்குத் தனி பேங்க் அக்கவுண்ட், தனி லெட்ஜர், டெல்லிக்கு வருஷாவருஷம் தனி ரிட்டர்ன். ஒரு நாள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து கட்டுக்கட்டாக ஃபாரம் வந்து இறங்கியது. கிராமத்துக் குடும்பங்களின் நிலையை ஆராயப் போகிறார்களாம். யாரோ அதைத் தமிழ்ப்படுத்தியும் இருந்தார்கள். ஆள் பற்றாக்குறை என்று கணக்குப்பிள்ளையான என்னையும் நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

பதினேழாவது கேள்வி என்று நினைக்கிறேன். ‘குழந்தைக்குத் தனி அறை உண்டா?’

நான் அப்படியே வாசித்தேன். களை எடுத்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தனியா என்ன தம்பி? சேட்டை பண்ணுனா எல்லாரு முன்னாடியும்தான் அறைவேன்!”

அன்றைக்கு ராத்திரி இதைச் சொன்னபோது வீடே சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர்தான். என் பெரியப்பா. ஊராட்சி ஒன்றியத்தில் கிராம சேவக்காகச் சேர்ந்து, விரிவாக்க அலுவலராக ரிடையர் ஆனவர். காந்திகிராமத்தில் படித்தவர். “நாங்க படிக்கிறப்ப ஃபாரம் எழுதுறதுக்கு முன்னாடி ஊருல போயி தங்கச் சொல்லுவாங்கடா. இப்ப ஃபாரம் முதல்ல வருது, ஆளு பின்னாடி வர்றான்” என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அந்த ஃபாரம் எப்படி நிலக்கோட்டை வரைக்கும் வந்து சேர்ந்தது என்று தேடிப்போனதில் கிடைத்ததுதான் இந்தக் கதை.

சமூகப்பணி என்பதை ஒரு படிப்பாகக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்க முடியும் என்ற எண்ணமே நூற்றுச்சொச்சம் வருஷத்துச் சரக்குதான். அதற்கு முன்னால் தர்மம் இருந்தது, சத்திரம் இருந்தது, கஞ்சித்தொட்டி இருந்தது. பாடப்புத்தகம் இல்லை. ஜெர்மனியில் ஆலிஸ் சாலமன் என்று ஒரு பெண்மணி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏன் ஒரே கூலி கிடைப்பதில்லை என்று ஆராய்ந்து, 1906-ல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1908-ல் பெர்லினில் பெண்களுக்காகச் சமூகப்பணிப் பள்ளி ஒன்றை ஆரம்பித்தார். 1928-ல் பாரிஸில் முதல் சர்வதேச சமூகப்பணி மாநாடு நடந்தது. அங்கே கூடிய ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு தேசத்திலும் நாம் தனித்தனியாகத் தடவிக்கொண்டிருக்கிறோமே, சேர்ந்து தடவினால் என்ன? மறு வருஷமே, 1929-ல், சமூகப்பணிப் பள்ளிகளின் சர்வதேச அமைப்பு பிறந்தது. முதல் தலைவர் ஆலிஸ் சாலமன்.

அந்த அம்மையாரின் கடைசிக் காலம் சோகமானது. பிறப்பால் யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பதவிகளெல்லாம் பறிபோயின. 1937-ல் நாட்டைவிட்டே துரத்தினார்கள். 1948-ல் நியூயார்க்கில் கிட்டத்தட்ட யாரும் கண்டுகொள்ளாத நிலையில் இறந்துபோனார். உலகத்து ஆசிரியர்களைச் சேர்த்துவைத்தவருக்குத் தன் தேசத்தில் ஓர் அடி மண் மிஞ்சவில்லை.

சரி, பெர்லினில் இருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவோம்.

1920களின் நடுவில் அமெரிக்காவின் ஒரே மிஷன் சபையிலிருந்து இரண்டு இளைஞர்கள் இந்தியா வந்து இறங்கினார்கள். ஒருவர் கிளிஃபர்ட் மேன்ஷார்ட். இன்னொருவர் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான். முதலாமவர் பம்பாய்க்குப் போனார். இரண்டாமவர் நம்ம மதுரைக்கு வந்தார். ஒரே சபை, ஏறத்தாழ ஒரே வயது, ஒரே வேலை. ஆனால் இருவரும் போன பாதைகள் இருக்கிறதே... சினிமாவில் அண்ணன் தம்பி ரயில்வே ஸ்டேஷனில் பிரிவார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

மேன்ஷார்ட் பம்பாயில் நாக்பாடா என்ற நெரிசலான தொழிலாளர் பகுதியில் வேலை செய்தார். அங்கே அவர் கண்டதெல்லாம் நகரத்து வறுமை. மில், சால், கடன், சாராயம். இதைச் சமாளிக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும் என்று டாடா அறக்கட்டளையிடம் எடுத்துச் சொன்னார். 1936-ல் பம்பாயில் ‘சர் டோராப்ஜி டாடா கிராஜுவேட் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்’ தொடங்கியது. இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்லூரி. இன்றைக்கு ‘டிஸ்’ என்று செல்லமாகச் சொல்கிறார்களே, அதேதான். மேன்ஷார்ட்தான் முதல் டைரக்டர். பாடத்திட்டம்? அமெரிக்காவில் என்ன இருந்ததோ ஏறக்குறைய அது. அங்கே அப்போது கொடிகட்டிப் பறந்தது ‘கேஸ் வொர்க்’ என்கிற முறை. ஒரு டாக்டர் நோயாளியைப் பார்ப்பதுபோல, கஷ்டத்தில் இருக்கிற ஒரு தனி மனிதரை உட்காரவைத்து, விசாரித்து, குறிப்பெடுத்து, பிரச்னை எங்கே என்று கண்டுபிடிப்பது. மேரி ரிச்மண்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1917-ல் எழுதிய புத்தகம்தான் இதற்கு வேதம்.

தப்பான முறை என்று நான் சொல்லவரவில்லை. பம்பாய் ஆஸ்பத்திரியில் அதற்கு வேலை இருந்தது. ஆனால் மழை பெய்யாத ஊரில், கூலி கிடைக்காத ஊரில், கிணற்றில் தண்ணீர் எடுக்க ஒரு தெருக்காரர்களை மட்டும் விடாத ஊரில், ஒவ்வொரு ஆளாக உட்காரவைத்து ‘உங்கள் பிரச்னை என்ன?’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? ஊருக்கே ஒரு பிரச்னை இருக்கும்போது அதை ஆளுக்கொரு ஃபைலாக எப்படிப் பிரிப்பது?

இந்த இடத்தில் ஒரு குடும்பத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்தியே ஆகவேண்டும். 1941-ல் மேன்ஷார்ட்டுக்குப் பிறகு பம்பாய்க் கல்லூரியின் டைரக்டர் ஆனவர் ஜே.எம். குமரப்பா. நம்ம ஊர்க்காரர். இவருடைய சகோதரர்தான் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, காந்தியப் பொருளாதார மேதை. ஜே.சி. குமரப்பா எங்கள் கணக்குக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. லண்டனில் ஆடிட்டருக்குப் படித்து, அமெரிக்காவில் பொருளாதாரம் படித்து, கோட்டும் சூட்டுமாக இருந்தவர். காந்தியைப் பார்த்த பிறகு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுக் கதர் கட்டினார். குஜராத்தில் மாதர் தாலுகா என்ற பகுதியில் 54 கிராமங்களில் மாணவர்களைத் தங்கவைத்து அவர் எடுத்த சர்வே 1931-ல் வெளிவந்தது. விவசாயி வீட்டு வரவு என்ன, செலவு என்ன, வரி எவ்வளவு, மாடு எத்தனை, கடன் எவ்வளவு என்று பைசா பைசாவாகக் கணக்கு. அதுவும் ஃபாரம்தான். ஆனால் கேள்வி கிராமத்தில் பிறந்தது.

ஒரு சகோதரர் பம்பாயில் உலகத்தரமான சமூகப்பணிக் கல்லூரியை நடத்துகிறார். இன்னொருவர் கிராமத்தையே கல்லூரி ஆக்குகிறார். ஒரே வீட்டிலிருந்து! ஜே.எம். 1952-ல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனார். ஜே.சி. கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் கல்லுப்பட்டியில் ஓர் ஆசிரமத்தில் கழித்து, 1960 ஜனவரி 30-ம் தேதி இறந்தார். ஆமாம், காந்தி மறைந்த அதே தேதி.

மதுரைக்கு வந்த அந்த இன்னொரு அமெரிக்கரை நடுவழியில் விட்டுவிட்டோமே, என்ன ஆனார் கெய்த்தான்?

அவர் அரசாங்கத்தின் கோபத்துக்கு ஆளானார். அந்தக் காலத்தில் வெளிநாட்டு மிஷனரி என்றால் பிரிட்டிஷ் அரசுக்கு விரோதமாக நடக்கமாட்டேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அப்போது ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்று ஓர் ஆங்கிலேய இளைஞர், காந்தியின் நண்பர், கதர் உடையில் மதுரைக்கு வந்தார். அவரைக் கெய்த்தான் தன் வீட்டில் விருந்தாளியாகத் தங்கவைத்தார். அவ்வளவுதான் குற்றம். 1930-ல் நாட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். போனார். சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். 1944-ல் மறுபடி வெளியேற்றம். சுதந்திரத்தோடு மறுபடி வந்தார். இந்தத் தடவை அவர் கால் வைத்த இடம்தான் அம்பாத்துரைக்குப் பக்கத்துப் பொட்டல்.

அந்தப் பொட்டலில் என்ன நடந்துகொண்டிருந்தது?

டி.வி.எஸ். பஸ் கம்பெனியை ஆரம்பித்த டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள் சௌந்தரம். சின்ன வயதிலேயே கல்யாணம், சின்ன வயதிலேயே விதவை. அந்தக் காலத்து வழக்கப்படி வீட்டுக்குள் முடங்கவேண்டியவர். டெல்லிக்குப் போய் டாக்டருக்குப் படித்தார். அங்கேதான் ஜி. ராமச்சந்திரனைச் சந்தித்தார். மலையாளி, சாந்திநிகேதனில் தாகூரிடம் படித்தவர், காந்தியின் சீடர். சாதி தாண்டிய காதல். 1940-ல் கல்யாணம். கஸ்தூரிபா 1944-ல் இறந்த பிறகு, கிராமத்துப் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். தமிழ்நாட்டில் அதன் பொறுப்பு சௌந்தரத்திடம் வந்தது. 1947 அக்டோபர் 7-ம் தேதி காந்திகிராமம் பிறந்தது. நிலம், பணம், பொருள் எல்லாம் கொடுத்தவர்கள் சின்னாளப்பட்டி மக்களும் சுற்றுவட்டார கிராமத்து மக்களும். வைத்தியம், கைத்தொழில், குழந்தைகள் பள்ளி, பெண்களுக்குச் சேவிகா பயிற்சி என்று ஒவ்வொன்றாக முளைத்தது.

கவனியுங்கள். இங்கேயும் வெளிநாட்டுக்காரர் இருக்கிறார். கெய்த்தான் இருக்கிறார். ஆனால் அவர் சிலபஸோடு வரவில்லை. கதர் வேட்டியோடு வந்தார். வந்தவர் தங்கினார். இங்கேயே கிழவரானார். 1984-ல் இந்தப் பக்கத்திலேயே இறந்தார். டாக்டர் சௌந்தரம் இறந்ததும் அதே 1984-ல்தான். ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதி தெரியும்தானே? தஞ்சை மாவட்டத்தில் நிலமில்லாத தலித் பெண்களுக்கு நிலம் வாங்கிக்கொடுக்கப் போராடியவர்கள். 2008-ல் ‘மாற்று நோபல்’ என்று சொல்லப்படும் பரிசைப் பெற்றவர்கள். ஜெகந்நாதன், கெய்த்தானோடு சேர்ந்து வேலை செய்து வளர்ந்தவர். இதே வத்தலக்குண்டுப் பக்கம் பட்டிவீரன்பட்டியில் பிறந்த கிருஷ்ணம்மாளுக்குப் படிக்கக் கைகொடுத்தவர் சௌந்தரம். எந்தப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்.டபிள்யூ. பட்டியலிலும் இந்த உறவுக்கு மார்க் கிடையாது.

இப்போது 1952-க்கு வருவோம். முக்கியமான வருஷம்.

அந்த டிசம்பரில், ஆறாவது சர்வதேச சமூகப்பணி மாநாடு மெட்ராஸில் நடந்தது. பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட், லண்டன், அமெரிக்கா, மறுபடி பாரிஸ். அதற்கப்புறம் மெட்ராஸ்! ஆசியாவில் அந்த மாநாடு நடந்தது அதுவே முதல் தடவை. உலகத்துப் பேராசிரியர்களெல்லாம் மார்கழிக் குளிரில் மெட்ராஸில் கூடினார்கள். அதே டிசம்பரில், அதே மெட்ராஸில்தான், தனி ஆந்திரம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு உயிர் விட்டார். டிசம்பர் 15. ஒரு பக்கம் சமூக முன்னேற்றம் பற்றி உலக மாநாடு, இன்னொரு பக்கம் தெருவெல்லாம் கொந்தளிப்பு. சரித்திரத்துக்கு இப்படி இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் ஓர் அலாதி ருசி.

அந்த 1952-லேயே மேரி கிளப்வாலா ஜாதவ் மெட்ராஸில் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கினார். ஊட்டியில் பிறந்த பார்ஸிப் பெண்மணி. யுத்த காலத்தில் ராணுவ வீரர்களுக்கு ஓடி ஓடிச் சேவை செய்தவர். இன்றைக்கும் எழும்பூரில் அந்தக் கல்லூரி இருக்கிறது. அதே வருஷம் நடந்த பொதுத்தேர்தலில் டாக்டர் சௌந்தரம் ஆத்தூர் தொகுதியில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். சேலத்து ஆத்தூர் இல்லை, நம்ம திண்டுக்கல் ஆத்தூர். அக்டோபர் 2-ம் தேதி நேரு அரசு சமுதாய வளர்ச்சித் திட்டத்தை ஆரம்பித்தது. பிளாக், பி.டி.ஓ., கிராம சேவக் எல்லாம் அன்றைக்குப் பிறந்ததுதான். அதற்கு முன்மாதிரியாக 1948-ல் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவாவில் நடந்த சோதனைத் திட்டத்தின் மூளை, ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். பார்த்தீர்களா, எங்கே தொட்டாலும் ஓர் அமெரிக்கர்!

1950களின் பிற்பகுதியில் இந்தப் போக்குவரத்து இன்னும் அதிகமானது. அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் அங்கிருந்து பேராசிரியர்கள் இங்கே வந்தார்கள். இங்கிருந்து ஆசிரியர்கள் அங்கே போய்ப் பட்டம் வாங்கி வந்தார்கள். நல்ல விஷயம்தான். கணக்குக்காரன் கண்ணோடு பார்த்தால்தான் உறுத்தும். அவர்கள் வந்தது சொல்லிக்கொடுக்க. நாம் போனது கற்றுக்கொள்ள. புத்தகம் அங்கிருந்து இங்கே வந்தது. இங்கிருந்து அங்கே போன புத்தகம் எத்தனை? இறக்குமதிப் பக்கம் நிரம்பி வழிகிறது. ஏற்றுமதிப் பக்கம் வெள்ளைத்தாள்.

ஏற்றுமதி செய்யச் சரக்கு இல்லாமலா? இருந்தது. லேபிள்தான் இல்லை.

சுதந்திரம் வந்ததும் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழு ஒன்று அமைத்தார்கள். 1948-49. அதில் ஆர்தர் மார்கன் என்ற அமெரிக்கர் உறுப்பினர். அணை கட்டுகிற இன்ஜினீயர். புகழ்பெற்ற டென்னஸி பள்ளத்தாக்குத் திட்டத்தின் முதல் தலைவர். டென்மார்க்கில் விவசாயிகளுக்காக நடந்த மக்கள் உயர்பள்ளிகளில் மனம் பறிகொடுத்தவர். கிராமத்துப் பிள்ளைக்குக் கிராமத்திலேயே உயர்கல்வி வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. அதன் தொடர்ச்சியாக 1956-ல் நாடெங்கும் கிராமியக் கல்வி நிலையங்களை மத்திய அரசு தொடங்கியது. தமிழ்நாட்டில் கோவைப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒன்று, காந்திகிராமத்தில் ஒன்று. மூன்று வருஷப் படிப்பு. பெயர் ‘டிப்ளமோ இன் ரூரல் சர்வீஸ்’. வகுப்பில் பொருளாதாரம், சமூகவியல். வெளியே வந்தால் கிராமத்தில் வேலை.

என் பெரியப்பா 1958-ல் அதில் சேர்ந்தார். சேர்ந்த சில மாதங்களில், 1959 பிப்ரவரியில், காந்திகிராமத்துக்கு ஒரு விருந்தாளி வந்தார். மார்ட்டின் லூதர் கிங். அப்போது அவருக்கு வயது முப்பது. அந்த இந்தியப் பயணத்துக்கு அழைப்பு அனுப்பியவர், காந்தி நினைவு நிதியின் செயலாளராக இருந்த நம்ம ஜி. ராமச்சந்திரன்தான். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தவர், காந்தியின் வழியை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்தார். ஏற்றுமதிப் பக்கத்தில் எழுத ஒரு வரி கிடைத்ததா இல்லையா? பெரியப்பா கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்றாராம். “தலைதான்டா தெரிஞ்சுது” என்பார்.

அதே 1959-ல் பக்கத்து ஆத்தூர் ஒன்றியத்தில் காந்திகிராமம் ஒரு சுகாதார முன்னோடித் திட்டத்தை ஆரம்பித்தது. மத்திய, மாநில அரசுகளும் அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளையும் துணை நின்றன. தாய்-சேய் நலம், குடும்பக் கட்டுப்பாடு இரண்டையும் வீடுவீடாகப் போய், ஊர்ப் பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்கள். பத்து வருஷத்தில் ஆத்தூரில் பிறப்பு விகிதம் நன்றாகவே குறைந்தது. 1964-ல் இதற்கென்றே தனி நிறுவனம் காந்திகிராமத்தில் உருவானது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஆலிஸ் சாலமன் தொடங்கிய அந்தச் சர்வதேச அமைப்பு, அமெரிக்க அரசின் நிதியோடு, ஆசிய நாடுகளின் சமூகப்பணிக் கல்லூரிகளுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுப் பணியைக் கற்றுத்தரும் திட்டத்தை ஆரம்பித்தது 1971-ல். நம்ம ஆத்தூர் அதற்குள் பன்னிரண்டு வருஷ அனுபவஸ்தன்! அந்தத் திட்டத்தை நடத்திய கேத்ரின் கெண்டல் சாமானியப்பட்டவர் அல்ல. ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்கா போனவர். 1950-லேயே ஐ.நா.வுக்காக உலகம் முழுவதும் உள்ள சமூகப்பணிப் படிப்புகளை ஆராய்ந்து எழுதியவர். 2010-ல் நூறு வயதை முடித்துவிட்டு இறந்தவர். அவர்மேல் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பாதை ஒருவழியாகவே போடப்பட்டிருந்தால், நல்லவர்கள் ஓட்டினாலும் வண்டி ஒரு பக்கம்தான் போகும்.

இப்போது பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். 1961-ல் அவர் டிப்ளமோ முடித்தார். அரசாங்க வேலைக்கு அது டிகிரிக்குச் சமம் என்று மத்திய அரசு ஏற்றுக்கொண்டிருந்தது. அதனால்தான் அவருக்கு ஒன்றியத்தில் வேலை கிடைத்தது. ஆனால் மேல்படிப்பு? பல்கலைக்கழகங்கள் தயங்கின. பெரியப்பா எம்.ஏ. சமூகவியலுக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் விண்ணப்பம் போட்டார். டிகிரி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறு வருஷமும் போட்டார். அதே பதில். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சிகாகோ சேரியைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர், தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு நிபுணர். தமிழ்நாட்டுக் கிராமத்தில் மூன்று வருஷம் கிணறு வெட்டிப் படித்தவர், எம்.ஏ. வகுப்பு வாசலுக்கு வெளியே.

பெரியப்பா ஒருவர் கதை மட்டுமல்ல இது. நாடு முழுக்க அந்தக் கிராமியக் கல்வி நிலையங்கள் பலவும் இந்த அங்கீகாரச் சிக்கலில் இளைத்துப்போயின. சில வேறு கல்லூரிகளாக மாறின. காந்திகிராமம் மூச்சுப் பிடித்து நின்றது. 1976-ல் அதற்கு நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து கிடைத்தது. ராமச்சந்திரனே முதல் துணைவேந்தர். லேபிள் வந்துவிட்டது. பெரியப்பாவுக்குத்தான் பதினைந்து வருஷம் லேட்.

அந்த எழுபதுகளில் உலகத்திலும் காற்று மாறத் தொடங்கியிருந்தது. 1968-ல் ஐ.நா. கூட்டிய சமூக நல அமைச்சர்கள் மாநாட்டில், நிவாரணம் மட்டும் போதாது, வளர்ச்சியும் வேண்டும் என்று வளரும் நாடுகள் பேசின. அமெரிக்கப் பாடத்திட்டம் ஏழை நாடுகளுக்கு ஒத்துவரவில்லை என்று 1971-ல் ஐ.நா.வின் ஆய்வே சொன்னது. 1981-ல் ஜேம்ஸ் மிட்ஜ்லி என்ற பேராசிரியர், இதைத் ‘தொழில்முறை ஏகாதிபத்தியம்’ என்ற தலைப்பிலேயே புத்தகம் போட்டு உடைத்தார். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த இரண்டாவது ஆய்வுக்குழுவும் 1980-ல் வெளியிட்ட அறிக்கையில், வறுமையையும் வளர்ச்சியையும் நோக்கிப் பாடத்தைத் திருப்பச் சொன்னது. ‘சோஷியல் டெவலப்மென்ட்’ என்ற சொல் எல்லார் வாயிலும் புழங்க ஆரம்பித்தது. வெவ்வேறு நாட்டு ஆசிரியர்கள் அதற்கென்றே கூட்டமைப்பு வைத்துச் சந்திக்கவும் ஆரம்பித்தார்கள்.

2014 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கூடினார்கள். சமூகப்பணி என்றால் என்ன என்பதற்கு உலகம் முழுமைக்குமான புது விளக்கத்தை அங்கே ஏற்றுக்கொண்டார்கள். அதில் ஒரு விஷயத்தைச் சேர்த்திருந்தார்கள். சமூகப்பணிக்கு அடிப்படை, பல்கலைக்கழகத்துக் கோட்பாடுகள் மட்டுமல்ல, அந்தந்த மண்ணின் மக்களுடைய சொந்த அறிவும்தான் என்று. அப்போது ஆசிரியர்களின் சர்வதேச அமைப்புக்குத் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? விமலா நாட்கர்ணி. நம்ம இந்தியப் பேராசிரியை. மேன்ஷார்ட் தொடங்கிய அதே பம்பாய்க் கல்லூரியில் பாடம் நடத்தியவர். ஆலிஸ் சாலமன் உட்கார்ந்த நாற்காலி, சுற்றிச் சுற்றிக் கடைசியில் இங்கே வந்திருந்தது.

அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். சின்னாளப்பட்டிக்குப் போய்ப் பெரியப்பாவிடம் விலாவாரியாகச் சொன்னேன். அப்போது அவருக்கு எழுபத்து நான்கு. காது கொஞ்சம் மந்தம். மெல்போர்ன், சர்வதேச அமைப்பு, மண்ணின் அறிவு எல்லாவற்றையும் கத்திக் கத்திச் சொல்லி முடித்தேன். சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்த அந்த டிப்ளமோவை அவர் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் கேட்டார்:

“அப்ப இனிமே எம்.ஏ. சீட்டு குடுப்பாய்ங்களா?”